தேதி சொல்லாமல் செத்தவள்

எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் அவளுக்கு ஆல்ட்டர் அக்கா என்றுதான் பெயர். புதுத் துணி தைக்க மாட்டாள். பேன்ட் நீளமா, சட்டை தொளதொளப்பா, ஜிப் பல்லை இளிக்கிறதா, அவளிடம் கொண்டுபோகலாம். பிரித்துத் தைத்தாளா, பிறக்கும்போதே அப்படித்தான் இருந்ததா என்று தெரியாதபடி செய்து கொடுப்பாள். இவ்வளவு கைப்பழக்கம் இருக்கிறவள் ஏன் புதுசு தைக்கக் கூடாது என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"புதுசுன்னா அளவு எடுக்கணும். அளவு எடுத்தா பேச்சுக் கொடுக்கணும். பேச்சுக் கொடுத்தா நீங்க எந்த ஊருன்னு கேப்பாங்க. தைச்ச துணின்னா அது வாயத் திறக்காது" என்பாள்.

கடை எங்கள் இருவருக்கும் பொது. ஒரே அறை, வாடகை பாதிப் பாதி. வாசல் பக்கம் என்னுடைய இஸ்திரி மேஜை, அதற்கடியில் துணி மூட்டைகள். பின்பக்கம் அவளுடைய மெஷின். நடுவில் ஒரு திரை. அந்தத் திரையை அவளே தைத்து மாட்டினாள், ஆனால் முழங்கால் உயரத்துக்குக் கீழே துணி இல்லாமல் விட்டுவிட்டாள். துணி பத்தலையா, நான் தரேன் என்றேன். "வேண்டாம், வர்றவங்க கால் தெரியணும்" என்றாள். வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்க்கிறவள் எப்படிப்பட்டவள்? ஒன்று திருடியாக இருக்க வேண்டும், இல்லை திருடனுக்குப் பயந்தவளாக இருக்க வேண்டும்.

எனக்குப் பொதுவாகவே யார் மேலும் நம்பிக்கை கிடையாது. இஸ்திரிக் கடை வைத்துப் பாருங்கள், உங்களுக்கும் போய்விடும். கொடுக்காத சட்டையைக் கொடுத்தேன் என்பார்கள், முன்பே இருந்த ஓட்டையை நான் சுட்டது என்பார்கள். அதனால் ஆரம்பத்தில் அவளைக் கண்கொத்திப் பாம்பாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பர்ஸை இடுப்பை விட்டு எடுக்கவே மாட்டேன். அவளும் என்னை நம்பவில்லை. மதியம் வெளியே போகும்போது மெஷின் டிராயர் மேல் ஒற்றை நூலை ஒட்டிவைத்துவிட்டுப் போவாள், யாராவது திறந்தால் அறுந்திருக்கும். அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இப்படி ஒருவரையொருவர் சந்தேகப்பட்டே நாங்கள் நெருங்கிப் போனோம். அவளுடைய வழக்கங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. கடைப் பலகையில் என் போன் நம்பர் மட்டும்தான். ஒரு காலேஜ் பெண் எங்கள் கண்ணாடி முன்னால் நின்று புதுச் சட்டையோடு செல்ஃபி எடுத்தாள், மறுநாள் கண்ணாடி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வீட்டுக்கு ஒரே வழியாக இரண்டு நாள் சேர்ந்தாற்போல் போக மாட்டாள். பஸ்ஸில் எவனாவது இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவாள். மூச்சு வாங்க வந்து நிற்பவளை ஒருநாள் கிண்டல் செய்தேன்.

"ஏன்க்கா, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்களே, அது நீதானா?"

அவளும் சிரித்தாள். "அந்த இருட்டுல நிஜமாவே ஒரு பேய் இருந்துச்சும்மா" என்றாள். பிறகு ஒரு ஜீன்ஸின் ஜிப்பைப் பிளேடால் பிரித்துக்கொண்டே, கண்ணைத் துணியிலிருந்து எடுக்காமல், எல்லாவற்றையும் சொன்னாள்.

கல்யாணமானது லாரி ஆபீஸ்காரனோடு. வெளியில் தங்கமான மனுஷன், வீட்டுக்குள் வேறு. அடி என்றால் சும்மா கோபத்தில் போடுகிற அடி இல்லை, நிதானமாக, கதவைத் தாழ் போட்டுவிட்டு, வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு அடிக்கிற அடி. முதல் தடவை ஓடிப்போய்க் கூடப்படித்தவள் வீட்டில் இருந்தாள். அவனுக்கு ஊர் ஊராய் டிரைவர்கள், எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்டான். இரண்டாம் தடவை வேலைக்குப் போகிற பெண்களுக்கான ஹாஸ்டல். அங்கேயும் வந்தான், வாட்ச்மேனிடம் அழுது உள்ளே வந்தான். அன்றைக்கு அவளுடைய வலது மணிக்கட்டை ஒடித்தான். அது சரியாகக் கூடவில்லை. இன்றைக்கும் கத்தரியை இடது கையில்தான் பிடிக்கிறாள்.

மூன்றாம் தடவை அவளைக் கூடப்பிறந்த அண்ணன் அனுப்பிவைத்தார். எங்கே என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. கொஞ்ச காலம் கழித்து லாரிக்காரனிடம் போய், அவள் எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் போய்விட்டாள், மாசக்கணக்காகிவிட்டது, சொல்ல வாய் வரவில்லை என்று கதறி அழுதார். தங்கையை இனிப் பார்க்க முடியுமோ என்னவோ என்கிற துக்கம் உண்மையாகவே இருந்ததால் அழுகையும் உண்மையாகவே வந்திருக்கிறது. எல்லோரும் நம்பினார்கள். அவனும் நம்பினான். அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது, எங்கள் தெருவும் வந்தது, பாதி வாடகையில் ஒரு மெஷினும் வந்தது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். அந்தக் கல்யாணத்திலிருந்து தங்கையை மீட்க அந்த மனுஷன் சொன்னது ஒரே ஒரு பொய். அதிலும் ஒன்றை விட்டுவிட்டார். அது எங்களுக்கு அந்த மத்தியானம் வரைக்கும் தெரியாது.

அன்றைக்குத் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. நான் ஒரு டாக்டர் வீட்டு வெள்ளைக் கோட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒருவர் வந்து நின்றார். வயதானவர், நல்ல உயரம், சட்டைப்பையில் மூன்று பேனா. திரைக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அவள் இரண்டு தடவை இருமினாள். தெரியாத கால் வந்தால் அவள் அப்படித்தான் இருமுவாள்.

வந்தவர் பையிலிருந்து ஒரு பேன்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதைக் கொஞ்சம் சரி பண்ணணும்."

விரித்துப் பார்த்தேன். புதுசு. கடைக்காரன் ஒட்டின சீட்டுகூட உரிக்கவில்லை. "என்ன சரி பண்ணணும்?"

"நீளம்…"

"கூட்டணுமா, குறைக்கணுமா?"

அவர் பேன்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பேன்ட்டைக் கொண்டுவந்த மனுஷனுக்கு அது நீளமா குட்டையா என்று தெரியவில்லை என்றால் அவர் பேன்ட்டுக்காக வரவில்லை என்று அர்த்தம். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"தைக்கிற அம்மா உள்ளதான் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"எந்த அம்மா?"

"மெஷின் ஓடுதே."

"அது என் வீட்டுக்காரர்" என்றேன். என் வீட்டுக்காரருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா, அப்படியே குனிந்து திரைக்குக் கீழே பார்க்க ஆரம்பித்தார். எனக்கு வந்ததே கோபம்!

"இன்னும் கொஞ்சம் குனிஞ்சீங்கன்னா முதுகுலயே இஸ்திரி போட்டுருவேன். நிமிருங்க!"

அவர் நிமிரவில்லை. குனிந்தபடியே திரையைப் பார்த்து, "சுண்டெலி… நான்தாம்மா. பெரியப்பா மகன்" என்றார்.

மெஷின் நின்றுவிட்டது.

அவ்வளவு காலம் கூட இருந்த எனக்கே தெரியாத பட்டப்பெயர் அது. உள்ளேயிருந்து, வாடிக்கையாளர்களிடம் பேசுகிற குரலில், "அப்படி இங்க யாரும் இல்லைங்க. கடை மாறி வந்துட்டீங்க" என்று பதில் வந்தது. ஆனால் குரல் கடைசியில் நடுங்கிவிட்டது.

"உன் அண்ணன் சொல்லித்தான் வந்தேன்மா. பயப்படாதே. நான் ஒருத்தன்தான் வந்திருக்கேன்."

பிறகு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "ஷட்டரை இறக்கு" என்றாள் என்னிடம். பாதிக்கு மேல் இறக்கினேன். அவருக்கு ஸ்டூல் போட்டாள், தண்ணீர் கொடுக்கவில்லை.

"யாராவது உங்க பின்னாடி வந்தாங்களாண்ணே?"

"என் பின்னாடி யாரும்மா வரப்போறா?" என்று சிரித்தார் அவர். சிரிக்கிற நேரமா அது?

அவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவராம். ஆயுள் முழுக்க நிலம் அளந்த மனுஷனுக்கு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. குடும்பத்தை அளக்க ஆரம்பித்திருக்கிறார். இன்டர்நெட்டில் வம்சாவளி போடுகிற சைட் ஒன்று இருக்கிறதாம், அதில் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தாவிலிருந்து நேற்றுப் பிறந்த குழந்தை வரைக்கும் ஏற்றிவைத்திருக்கிறார். போனை எடுத்துக் காட்டினார். கிளை கிளையாக, கட்டம் கட்டமாக, அறுநூறு பேருக்கு மேல். முகம் அப்படிப் பூரித்துப் போயிருந்தது.

"இதுல என்னை ஏன் போட்டீங்க?" என்றாள் அவள்.

"அதுதான்மா விஷயம். நீ கவலையே படவேண்டாம். இதுல ரொம்பப் பாதுகாப்பு. உயிரோட இருக்கிறவங்க விவரம் ஒண்ணுகூட வெளிய தெரியாது. பேர் தெரியாது, ஊர் தெரியாது, படம் தெரியாது. பாரு, உன் கட்டம்."

எட்டிப் பார்த்தேன். சுற்றிலும் செத்தவர்கள் பெயரோடும் தேதியோடும் இருந்தார்கள். சித்தப்பா, சித்தி, அவளுடைய அப்பா, அம்மா. நடுவில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். அதில் பெயர் இல்லை. "உயிரோடு இருப்பவர். விவரங்கள் மறைக்கப்பட்டுள்ளன" என்று மட்டும் இருந்தது. அதிலிருந்து ஒரு கோடு பக்கத்துக் கட்டத்துக்குப் போனது. கல்யாணக் கோடு.

அவள் அதைப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். மெதுவாக என் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உயிரோட இருக்கேன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"அப்ப யாரும் சொல்லலம்மா. நீ போயிட்டேன்னுதான் நானும் நினைச்சிட்டிருந்தேன். ஆனா தேதி இல்ல. செத்த தேதி போடலைன்னா அந்த சைட் ஆள் உயிரோட இருக்கிறதாத்தான் எடுத்துக்கும். நூறு வயசு தாண்டற வரைக்கும் அப்படித்தான். சரி, தேதியைக் கேட்டுப் போடுவோம்னு உன் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். மழைக்காலம்னான். அப்புறம் ஒரு தடவை கேட்டேன், நல்ல வெயில்னான். மூணாவது தடவை, மறந்துபோச்சுன்னான். கூடப்பிறந்தவ செத்த நாளை எவன்மா மறப்பான்? எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. நேர்ல போய் உக்காந்து பிடிச்சேன். அழுதுட்டான். சொல்லிட்டான்."

அந்த ஒன்றைத்தான் அவர்கள் விட்டிருந்தார்கள். நோய் வைத்திருந்தார்கள், ஆஸ்பத்திரி வைத்திருந்தார்கள், கண்ணீர் வைத்திருந்தார்கள், சாவுக்கு ஒரு தேதி வைக்கவில்லை. அழுகிற அண்ணனிடம் எந்தத் தேதி என்று யாரும் கேட்கவில்லை, அதனால் தேவைப்படவும் இல்லை. மனுஷர்கள் நம்பிவிட்டார்கள். அந்த சைட் நம்பவில்லை.

"இதை யார் யார் பாத்திருக்காங்க?" என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

"எல்லாருக்கும் அனுப்பிச்சேன். சொந்தக்காரங்க ஒருத்தரையும் விடல. மாப்பிள்ளைக்கும்தான்."

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது அந்த லாரிக்காரனை.

"அவர் பக்கத்துப் பேரெல்லாம் அவர்தானே கொடுத்தார். நல்லா ஒத்துழைச்சார். அவர்தான் முதல்ல கவனிச்சதே. மச்சான், எல்லாருக்கும் தேதி இருக்கு, என் சம்சாரத்துக்கு மட்டும் உயிரோடு இருப்பவர்னு இருக்கேன்னு கேட்டார். சரிபார்த்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை கேட்டிருக்கிறேன், இந்த மனுஷன் பூதத்துக்கு விலாசம் கொடுத்து, சரியான விலாசமா என்று பார்க்க நேரில் வந்திருக்கிறார்.

"சொல்லிட்டீங்களா?" அவள் குரல் காற்றாகத்தான் வந்தது.

"இல்லம்மா. கண்ணால பாக்காம எதையும் சொல்றதில்ல நான்."

"இப்ப பாத்துட்டீங்க இல்ல. நான் செத்துட்டேன்னே சொல்லிடுங்க."

அவர் அதிர்ந்துபோனார். "அது எப்படிம்மா? உயிரோட இருக்கிறவளை நான் எப்படிச் சாகடிக்கிறது? இத்தனை வருஷத்துல ஒரு கல்லை ஒரு விரக்கடை தள்ளி நட்டதில்ல நான். இந்தப் பொய்யை எல்லாரும் பாப்பாங்க, நம்ம பேரப்பிள்ளைங்க பாப்பாங்க."

"அப்ப அந்தக் கட்டத்தையே தூக்கிடுங்க" என்றேன் நான்.

"கேள்வி கேட்ட உடனே கட்டம் காணாமப்போனா அவர் என்ன நினைப்பார்?"

அதில் மட்டும் அவருக்கு அறிவு வேலை செய்தது. இருந்தாலும் ஆபத்து, எடுத்தாலும் ஆபத்து. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலைக் குழைத்துக்கொண்டு வேறு ஒன்றை ஆரம்பித்தார்.

"சுண்டெலி, ஒண்ணு சொல்றேன் கோவிச்சுக்காதே. மாப்பிள்ளை இப்ப மாறிட்டார். குடி இல்ல. இன்னொரு கல்யாணம்கூடப் பண்ணிக்கல. ஊரே சொல்லுது, பெண்டாட்டி மேல இவ்வளவு பாசமான்னு. பெரியவங்க நாலு பேர் உக்காந்து பேசினா…"

"ஐயா" என்றேன், "உங்க வயசுக்கு மரியாதை கொடுத்துத்தான் இவ்வளவு நேரம் பெட்டியைக் கையிலயே வெச்சிருக்கேன்."

அவள் என்னைத் தடுத்தாள். அவரிடம் அமைதியாகவே சொன்னாள். "அண்ணே, நீங்க என்னை உயிரோட வெச்சிருக்கிறதாலதான் நான் சாகப் போறேன். உங்களுக்கு அது புரியல."

புரியவில்லைதான். தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது ஒரு குடும்பத் தகராறு, அவ்வளவுதான். நான்கு பக்கமும் கேட்டு நடுவில் கல் நடுகிற தகராறு. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நல்லவர்களிடம்தான் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டியிருக்கிறது.

அப்போது அவர் போன் அடித்தது. அதில் வந்த பெயரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "மாப்பிள்ளைதான்" என்றார். எடுக்காதீங்க என்று நான் சொல்வதற்குள் பழக்கத்தில் விரல் தேய்த்துவிட்டது. காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் வைத்துத்தான் பேசுவார் போலிருக்கிறது.

"மச்சான், நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டாச்சா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு இனிமையான குரலை நான் கேட்டதில்லை. ரேடியோவில் பேசுகிறவன் மாதிரி, அவசரமே இல்லாமல், வார்த்தைக்கு வார்த்தை மரியாதையோடு.

"இருக்கேன் மாப்பிள்ளை. சொல்லுங்க."

"வெளிய இருக்கீங்களா? என்னமோ கடை மாதிரி எதிரொலிக்குதே."

பாருங்கள், எங்கே இருக்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. நான் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். அந்த டக் சத்தம்கூடக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

"ஆமா மாப்பிள்ளை. ஒரு… பேன்ட் கொடுக்க வந்தேன்."

"நல்லது மச்சான். அந்த விஷயம் பாத்தீங்களா? தூக்கமே வரல எனக்கு. என் சம்சாரம் உயிரோட இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். எங்க இருந்தாலும் நான் போய்க் கூட்டிட்டு வந்துடுவேன். பழசையெல்லாம் மறந்துட்டேன் மச்சான். அவளை நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சர்வேயரின் முகம் இளகியது. இதோ பார், மாறிவிட்டார் என்று சொல்கிற மாதிரி அவர் பக்கத்தில் திரும்பினார். பக்கத்தில் அவள் இல்லை.

திரைப் பக்கம் பார்த்தார். அங்கேயும் இல்லை. நானும் தேடினேன். பிறகு அவர் கண் கீழே போனது, என் கண்ணும் போனது.

என் மேஜைக்கடியில், துணி மூட்டைகளுக்கு நடுவில், இரண்டு முழங்காலையும் வயிற்றோடு மடக்கி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்போது போனாள் என்று தெரியாது. ஒரு மூட்டைகூட அசையவில்லை. நரைத்த தலை, தெருவே அக்கா என்று கூப்பிடுகிற மனுஷி. மூச்சு விடுகிறாளா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. கோணலான அந்த மணிக்கட்டு மேலே தெரிந்தது, முதல் அடி அதன்மேல் விழட்டும் என்று வைத்த மாதிரி.

சர்வேயர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மச்சான்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார். குரலே மாறியிருந்தது. "விசாரிச்சுட்டேன் மாப்பிள்ளை. அந்தப் பொண்ணு போயிட்டா. அது உண்மைதான். தேதி போடாம விட்டது என் தப்பு."

அந்தப் பக்கம் லாரி ஒன்று பின்னால் போகிற ஓசை மட்டும் கேட்டது.

"அப்படியா மச்சான்" என்றது அந்தக் குரல், அதே இனிமையோடு. "என்ன தேதி? தேதிகூடத் தெரியாத புருஷனா இருந்துட்டேனே, அதான் கேக்கறேன்."

போச்சு என்று நினைத்தேன். பொய்யே சொல்லிப் பழகாத மனுஷன், இப்போது திணறுவார், அவன் அந்தத் திணறலைப் பிடித்துக்கொள்வான். அண்ணன் மாட்டிக்கொண்டதும் இதே இடத்தில்தான்.

சர்வேயர் திணறவில்லை. நாள், மாசம், வருஷம், விடியற்காலை என்பது வரைக்கும் மளமளவென்று சொன்னார். கடைசி நாலு நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை என்றார். போகிற நேரத்தில் நினைவு தெளிவாக இருந்தது என்றார். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அவன் ம், ம் என்றான், நன்றி மச்சான் என்றான், வைத்துவிட்டான்.

"எப்படிய்யா இவ்வளவு சரளமாச் சொன்னீங்க?" என்று கேட்டேன். பாராட்டவில்லை, உண்மையிலேயே சந்தேகமாக இருந்தது.

அவர் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார். "அது என் சம்சாரம் போன நாள்மா. வருஷத்தை மட்டும் மாத்திச் சொன்னேன். தேதின்னு கேட்டா எனக்கு நாக்குல வர்றது அது ஒண்ணுதான்."

அவரை அவ்வளவு நேரம் திட்டித் தீர்த்த எனக்கு மனசு கரைந்துவிட்டது. குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தேன். பிறகு மேஜைக்கடியில் குனிந்து அவளைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தேன். கை ஐஸாக இருந்தது. ஸ்டூலில் உட்கார வைத்தேன்.

"போட்டுடலாமாம்மா?" என்று கேட்டார் அவர். இப்போது அவர்தான் கேட்டார். "ஆனா ஒண்ணு. செத்தவங்களுக்கு அந்த சைட்ல மறைப்பு கிடையாது. தேதி போட்ட உடனே எல்லாம் திறந்துடும். பேர், பிறந்த நாள், படிச்சது, படம், எல்லாம்."

"உயிரோட இருந்தப்ப எனக்கு எந்த மறைப்பு இருந்தது?" என்றாள் அவள். "போடுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். இவர் இறந்துவிட்டதாகக் குறிக்கிறீர்கள், விவரங்களை அனைவரும் பார்க்க முடியும், உறுதியா என்று போன் கேட்டது. அவர் விரல் அங்கேயே நின்றது. அவள் கையை நீட்டித் தானே அழுத்தினாள்.

சாம்பல் கட்டம் போய்விட்டது. அவளுடைய நிஜப் பெயர் வந்தது, நான் அதற்கு முன் கேட்டிராத பெயர். பிறந்த நாள் வந்தது. எனக்குத் தெரியாமலே எத்தனை தடவை அந்த நாள் அந்தக் கடையில் சும்மா போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு படம் வந்தது. இரட்டைச் சடையோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஒரு பெண். எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"இந்தச் சிரிப்பை வெச்சு என்னை எவனும் கண்டுபிடிக்க முடியாது" என்றாள். அவளே சொல்லி அவளே சிரித்தாள்.

நான் டீ வாங்கிவரக் கிளம்பினேன். ஷட்டரைத் தூக்கவும் யோசனையாக இருந்தது. நான்கு பக்கமும் பார்த்தேன், எதிர்க் கடை வாசலில் நின்ற பையில்லாத ஒருவனைச் சந்தேகப்பட்டேன், அவன் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டான். டீயோடு திரும்பியபோது இரண்டு பேரும் மேஜைமேல் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாச்சு?"

சர்வேயர் போனை என் பக்கம் திருப்பினார். அந்த சைட்டில் யார் வேண்டுமானாலும் அஞ்சலி செலுத்தலாமாம், செத்தவர்களுக்கென்று அப்படி ஒரு வசதி. அவளுடைய சிரிப்புக்குக் கீழே ஒரு வெள்ளைப் பூ முளைத்திருந்தது. பக்கத்தில் லாரிக்காரனின் பெயர். அதற்குக் கீழே, "அன்புக் கணவர்."

"அப்பாடா, நம்பிட்டான்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "பதினோரு வருஷக் குடித்தனத்துல எனக்கு ஒரு பூ வாங்கித் தந்ததில்ல அவன். இது பூ இல்லம்மா. போட்டுட்டு என்ன நடக்குதுன்னு பாத்துக்கிட்டிருக்கான்."

சர்வேயருக்கு முகம் சிவந்துவிட்டது. "அது அங்க இருக்கவே கூடாது. எனக்கு அதிகாரம் இருக்கு, ஒரு தட்டுத் தட்டினா போயிடும். அழிச்சிடறேன்" என்று போனை எடுத்தார். நானும் அழிங்க, முதல்ல அதை அழிங்க என்று கத்தினேன். அந்தப் பெயரை அவளுடைய படத்துக்குக் கீழே பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் போன்மேல் கையை வைத்து மூடினாள்.

"வேண்டாம்ணே. இருக்கட்டும்" என்றாள். "செத்தவ எப்படிப் பூவை எடுத்து வீசுவா?"